கவின்கலைப் பட்டப்படிப்பு: வரையத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லூரி எதைக் கற்றுத்தருகிறது?

தென்பெண்ணை

அனைவருக்கும் வணக்கம். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் மகள் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. பி.காம். சேர்ந்து அப்படியே சி.ஏ. படிக்கவேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணமாக இருந்தது. அவளோ பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) படிக்கவேண்டும், அதிலும் வண்ணக்கலை (ஓவியம்) பிரிவில்தான் சேரவேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். சிறு வயதிலிருந்தே வரைகிறாள். ஒளிப்படத்தைப் பார்த்து ஆட்களின் முகத்தை அப்படியே தீட்டிவிடுவாள்.

அவள் ஆசைக்கு நான் தடை போடப்போவதில்லை. ஆனால் உறவினர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. ஏற்கெனவே நன்றாக வரையும் பிள்ளைக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு கூடுதலாக எதைத் தந்துவிடும்? பயிற்சியும் யூடியூபும் இருந்தால் போதாதா? அடுத்து, சென்னையா, கும்பகோணமா, வெளிமாநிலமா என்பதையும், எந்தப் பிரிவு ஏற்றது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பணிமனை

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது அடிப்படையான கேள்வி. நான் வண்ணக்கலை பயின்றவன், இன்றும் அதையே தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒளிப்படத்தைப் பார்த்து முகத்தைத் தீட்டுவது பாராட்டத்தக்க பொறுமைதான். ஆனால் அந்தப் படத்தில் ஒளி எங்கே விழவேண்டும், எது தெளிவாக இருக்கவேண்டும், எது விளிம்பில் வெட்டுப்படவேண்டும் என்பதையெல்லாம் கேமரா முன்பே முடிவு செய்துவிட்டது. உங்கள் மகள் அந்த முடிவுகளைத் தாளில் நகலெடுக்கிறாள். கல்லூரி முதலில் செய்யும் வேலை, அந்த முடிவுகளை மாணவரின் கையில் ஒப்படைப்பது. அது பெரும்பாலோருக்கு முதலாண்டில் கடுமையான அதிர்ச்சியாக இருக்கும். ஊரில் 'நல்லா வரையுற பிள்ளை' என்று பெயரெடுத்தவர்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பைச் சொல்கிறேன். மேசையில் ஒரு பித்தளைச் செம்பு, மடிப்புகளோடு கிடக்கும் வெள்ளைத் துணி, காய்ந்த தேங்காய் மட்டை ஒன்று. மாணவர்கள் செம்பை வரையத் தொடங்கியதும் ஆசிரியர் நிறுத்துவார். செம்புக்கும் மட்டைக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொல்வார். செம்பு எப்படி இருக்கும் என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால், கண் பார்ப்பதற்கு முன் கை தெரிந்ததை வரைந்துவிடுகிறது. வெற்றிடத்துக்கு அப்படி முன்பே பழகிய வடிவம் எதுவும் இல்லை, பார்த்தே ஆகவேண்டும். அந்த வடிவம் சரியாக அமைந்தால் செம்பும் மட்டையும் தாமாகவே அவற்றுக்குரிய இடத்தில் வந்து நிற்கும். அடுத்த நாள் அதே பொருள்களைக் கோடே போடாமல் கரியை அகலவாக்கில் தேய்த்து, வெளிச்சமும் நிழலுமாக மட்டும் வரையச் சொல்வார்கள். பயிற்சிக் காணொளிகளில் இவையும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வந்து நின்று, 'இந்த இடத்தில் நீ பார்க்கவில்லை, ஊகித்திருக்கிறாய்' என்று விரல் வைத்துக் காட்டும் ஆள் காணொளியில் கிடைக்கமாட்டார். பக்கத்தில் இருபது பேர் அதே செம்பை இருபது விதமாக வரைந்திருப்பதைப் பார்க்கும் வாய்ப்பும் வீட்டில் இல்லை.

இரண்டாவது, ஒரு நிறுவனத்தில் சேர்வது என்பது அங்கே நடந்த வாதங்களுக்குள் நுழைவதும்கூட. சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நெடுங்காலம் அது கைத்தொழில்களைக் கற்பிக்கும் பள்ளியாகவே நடந்தது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் பொறுப்பேற்றபின், மேற்கின் நவீன ஓவியத்தை நகலெடுக்காமலும் பழைய மரபை அப்படியே திருப்பிச் செய்யாமலும் நமக்கென்று ஒரு நவீனம் இருக்க முடியுமா என்ற கேள்வி அந்த வளாகத்தின் பேச்சாகவே ஆயிற்று. சோதிடக் கட்டங்களையும் எழுத்துருக்களையும் ஒத்த குறிகளால் அவர் 1960களில் தீட்டிய ஓவியங்கள் அந்தக் கேள்விக்கு அவருடைய விடை. தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம், தட்சிணாமூர்த்தி என்று வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு விடை சொன்னார்கள். சென்னையில் பயின்றவர்களின் வேலையில் கோட்டுக்கு இருக்கும் முதன்மை இந்த வழியில் வந்ததுதான் என்பது என் துணிபு.

பதினெட்டு வயதில் இந்தக் கேள்வியின் நடுவே போய் உட்காருவதற்கும், வீட்டில் தனியாக இருந்து முகங்களைத் தீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

செம்மண்

பணிமனை ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கவின்கலை என்றவுடனே எல்லோரும் வண்ணக்கலை ஒன்றையே நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. சிற்பம், சுடுமண், துகிலியல் (துணி வடிவமைப்பு), பதிப்போவியம் (தகட்டில் வரைந்து அச்சிடும் கலை), காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று பிரிவுகள் பல இருக்கின்றன. பல்கலைக்கழகம் கட்டாயம் தேவை என்று நான் கருதுவதே இந்தப் பிரிவுகளுக்காகத்தான். தாளும் வண்ணமும் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சூளையையும் அச்சுப் பொறியையும் எந்த வீட்டில் வைக்க முடியும்?

பதிப்போவியத்தில் ஒரு தகடு படும் பாட்டைச் சொல்கிறேன். துத்தநாகத் தகட்டின் விளிம்புகளை முதலில் அரத்தால் சரித்து அராவவேண்டும். இல்லையென்றால் அழுத்தும்போது தாள் கிழியும். மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றி மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி வரையவேண்டும். அமிலக் கரைசலில் இறக்கியதும் கீறிய இடங்களில் மட்டும் உலோகம் அரிக்கப்பட்டுச் சிறு குமிழ்கள் எழும். அவற்றைப் பறவை இறகால் மெல்ல ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் கோடு ஒழுங்கற்று அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கருமை. பிறகு பூச்சைக் கழுவி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பை வலைத்துணியால் துடைத்தெடுத்து, நனைத்து ஒற்றிய தாளை மேலே விரித்துப் பொறியில் செலுத்தினால், வரைந்ததற்கு இடவலம் மாறிப் படம் வரும். முதல் பதிவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே தகட்டை அமிலத்தில் இறக்குவோம்.

சுடுமண்ணிலும் இப்படித்தான். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதை முதலிலேயே கணக்கிட்டுப் பெரிதாகச் செய்யவேண்டும். ஈரம் முழுதாக வற்றாத கலத்தைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை உடைத்துவிடும். பக்கத்தில் இருப்பவருடைய வேலையும் சேர்ந்து பாழாகும். பொருளுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அதோடு ஒத்துப்போய்த்தான் நம் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ள முடியும் என்பதை இந்த வேலை கையில் ஏற்றிவிடும். எனவே, அம்மா, பிரிவை இப்போதே முடிவு செய்யாமல், சேர்வதற்கு முன்பு மகளை ஒருமுறை எல்லாப் பணிமனைகளுக்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள்.

நேர்வழி

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கலைஞர்கள். நான் ஒரு கலைஞரின் அண்ணன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இந்த இழையில் இருக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

என் தம்பி ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஓவியம் பயின்றான். வகுப்பில் முதல் மாணவன். படிப்பு முடிந்தபின் பல ஆண்டுகள் வாடகைக்கும் வண்ணத்துக்கும் அவன் பட்ட துன்பத்தை நாங்கள் குடும்பமாகச் சுமந்தோம். காட்சிக்கூடத்தில் படம் வைக்கவேண்டுமானால் சட்டமிடும் செலவு, கூட வாடகை, அழைப்பிதழ் என்று முதலில் நாம்தான் பணம் போடவேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பணிக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் ஒரு படைப்புக்கு விலை எப்படி வைப்பது, ஒப்பந்தம் எப்படி எழுதுவது, பதிப்புரிமை என்றால் என்ன என்று ஒருவரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை.

ஆகவே என் கருத்து, கலை படிக்கட்டும், ஆனால் காட்சிவழித் தகவல் வடிவமைப்பில் சேரட்டும். விளம்பரம், அசைபடம், பதிப்பகம், கைப்பேசிச் செயலி என்று வேலைக்கு வழி இருக்கிறது. வண்ணக்கலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சொந்தமாக வீடோ நிலமோ இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு 'கலைக்காகவே கலை' என்று அறிவுரை சொல்வது பொறுப்பாகாது.

பணிமனை

நேர்வழி ஐயா, உங்கள் குடும்பம் பட்டது பலரும் பட்டது; நான் மறுக்கவில்லை. விலை வைப்பதும் ஒப்பந்தமும் பாடத்தில் இடம்பெறவேண்டும் என்பதிலும் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் வண்ணக்கலை பயின்றவர்கள் வேறு வேலை செய்து பிழைப்பது தோல்வி என்பது போன்ற ஓர் எண்ணம் இந்தப் பேச்சின் அடியில் இருக்கிறது. சென்னை ஓவியர்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்கள். கைத்தறித் துணிக்கு வடிவங்கள் உருவாக்குவது அவர்களுக்கு ஊதியம் தந்த வேலை. 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோதும், அவர்கள் பட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கான நேரத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆதிமூலம் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளும் கோட்டுச் சித்திரங்களும் அவருடைய கலையிலிருந்து வேறாகப் பிரித்தெடுக்கக்கூடியவை அல்ல. இந்த உழைப்பு அவர்களுடைய ஓவியத்தைக் கெடுக்கவில்லை; துணியின் வண்ண ஒழுங்கும் எழுத்தின் கோடும் ஓவியத்துக்குள் வந்து அதை வளப்படுத்தின என்றே நான் கருதுகிறேன்.

வேலைவாய்ப்புக்காக மட்டும் ஒரு பிரிவில் சேர்ந்து, அங்கே கற்ற மென்பொருள் சில ஆண்டுகளில் பழையதாகிப்போய்த் தவித்தவர்களையும் நான் அறிவேன். வடிவமைப்பில் உங்கள் மகளுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால் தாராளமாகச் சேரட்டும். பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம்.

வரலாற்று வாசகி

நான் குஜராத்தில் உள்ள பரோடாவில் கலைவரலாறு பயின்றவள். வெளிமாநிலம் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன்.

பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950இல் கவின்கலைப் புலம் தொடங்கப்பட்டது. ஓவியம், சிற்பம் பயில்வோர் அங்கே கலைவரலாற்றையும் சேர்த்தே பயில்கிறார்கள். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கே.ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் வங்காளத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தில் ஓவியர் நந்தலால் போஸின் மாணவராகச் சேர்ந்தவர். கைவினைஞரையும் ஓவியரையும் வெவ்வேறு சாதியாகப் பார்க்காத பார்வையைச் சாந்திநிகேதனிலிருந்து அவர் பரோடாவுக்குக் கொண்டுவந்தார். சுவரோவியம், சுடுமண் புடைப்புச் சிற்பம், பொம்மை, குழந்தைகளுக்கான நூல், கட்டுரை என்று எல்லாவற்றையும் ஒரே மதிப்போடு செய்தார்.

இன்னொருவரையும் தென்பெண்ணை அம்மாவுக்காகவே குறிப்பிடுகிறேன். பூபேன் கக்கர் பட்டயக் கணக்காளர். 1960களின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து பரோடாவுக்கு வந்து கலை விமரிசனம் படித்தார். ஓவியர் ஆனபிறகும் கணக்கர் வேலையைத் தொடர்ந்தார். முடிதிருத்துபவர், தையற்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று யாரும் ஓவியத்துக்கு உரியவராக எண்ணாத மனிதர்களை வரைந்து, இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவரானார். வணிகவியல் படித்துவிட்டு ஓவியத்துக்குப் போவது வழிதவறுவதாகாது என்று உறவினர்களிடம் நீங்கள் உறுதியாகச் சொல்லலாம்.

ஆயினும் என் முதன்மையான கருத்து வேறு. தமிழ்நாட்டில் கவின்கலை பயிலும் மாணவர்களுக்கு இன்று பெருங்குறையாக இருப்பது கைப்பயிற்சி அன்று. தம் படைப்பைப் பற்றிப் பேசவும் எழுதவும் வேண்டிய மொழி. கிராமத்திலிருந்து வரும் பிள்ளை கோட்டில் அபாரமாக இருக்கும்; மதிப்பீட்டுக் குழுவின் முன் நின்று 'ஏன் இந்த வண்ணம், ஏன் இந்த அளவு' என்று கேட்டால் வாயடைத்து நிற்கும். கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் இன்னும் மோசம். கலைவரலாற்று நூல்கள் தமிழில் மிகக் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். எனவே எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், முதல் வாரத்திலிருந்தே உங்கள் மகள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். பார்த்த ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் தமிழிலேயே நான்கு வரி எழுதட்டும். 'அழகாக இருக்கிறது' என்ற சொற்களைத் தவிர்த்துவிட்டு, கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது, எது அதை நகர்த்துகிறது என்று எழுதிப் பழகினால், ஆங்கிலம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

செம்மண்

வரலாற்று வாசகியின் கருத்தோடு ஒரு சிறு மாறுபாடு. பேசத் தெரிந்தவருடைய படைப்பு உயர்ந்ததாகவும் பேசாதவருடையது தாழ்ந்ததாகவும் மதிப்பிடப்படும் நிலை இப்போதே வந்துவிட்டது. சொல் வேலைக்குத் துணையாக இருக்கட்டும்; வேலையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டாம்.

வரலாற்று வாசகி

நியாயமான எச்சரிக்கை. ஆனால் பேச்சு ஆங்கிலம் அறிந்த நகரத்துப் பிள்ளைகளின் கையில் மட்டும் இருக்கும்வரை அந்த நிலை மாறாது. மற்றவர்களும் பேசக் கற்றுக்கொள்வதே அதற்குத் தீர்வு என்று நம்புகிறேன்.

தென்பெண்ணை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் இழை முழுவதையும் படித்தாள். ஒளிப்படம் பற்றி எழுதியிருந்ததைப் படித்து முதலில் முகம் வாடினாள். பிறகு அடுக்களையில் ஆட்டுக்கல்லுக்கும் குழவிக்கும் நடுவே உள்ள இடைவெளியை வரைந்துகொண்டிருந்தாள்.

எங்களால் இப்போது வெளிமாநிலத்துக்கு அனுப்ப இயலாது. முதுகலைக்கு வேண்டுமானால் பரோடாவைப் பற்றி யோசிக்கலாம். சென்னை, கும்பகோணம் இரண்டும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் குறைவு என்று அறிந்தேன். கும்பகோணம் சிறிய ஊர் என்பதால் கலைஞர்களைச் சந்திக்கவும் கண்காட்சிகளைப் பார்க்கவும் வாய்ப்புக் குறையுமோ என்ற தயக்கம் இருக்கிறது. பெண் பிள்ளை இந்தத் துறையில் நிலைக்க முடியுமா என்று என் மாமியார் கேட்கிறார். அதற்கும் விடை வேண்டும்.

காவிரிக்கரை

கும்பகோணத்தில் பயின்றவன் என்பதால் இதற்கு நான் விடை சொல்வது கடமை. காட்சிக்கூடங்கள் சென்னையில்தான் அதிகம், அதை மறைக்கவேண்டியதில்லை. எழும்பூர்க் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தொலைவில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது; திருவாலங்காட்டு நடராசரையும் அமராவதிச் சிற்பங்களையும் வேண்டியபோதெல்லாம் போய் வரையலாம். ரயில் நிலையத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் மனிதர்களை வரைவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம்.

ஆனால் கும்பகோணத்தில் கலை காட்சிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது. சில கிலோமீட்டரில் சுவாமிமலை. மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்வதையும், தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து முகத்துக்கும் உடலுக்கும் அளவு குறிப்பதையும், காவிரி வண்டலை மெல்லிய பூச்சாக முதலில் பூசுவதையும், சூடாக்கி மெழுகை வெளியேற்றி உருக்கிய உலோகத்தை ஊற்றுவதையும் பட்டறையில் நின்று பார்க்கலாம். மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கவேண்டும் என்பதால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். சிற்பப் பிரிவு மாணவருக்கு இதைவிடப் பெரிய வகுப்பறை வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில். கருவறையின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் கையகலச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. காளைக்கும் யானைக்கும் ஒரே தலை அமைந்த சிற்பம் ஒன்று அங்கே உண்டு. யானையின் உடலை மறைத்தால் காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. ஒரே கோடு இரண்டு உருவங்களுக்குப் பொதுவாக எங்கே தொடங்கி எங்கே பிரிகிறது என்பதை வரைந்து பார்த்தால்தான் அந்தச் சிற்பி எடுத்த முடிவு விளங்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அவற்றின் நல்ல நகல்களைப் பார்த்துப் பயிலலாம்.

வார இறுதியில் இவற்றுக்குப் போகிற மாணவருக்குக் கும்பகோணம் பெரிய ஊர். விடுதியிலேயே இருப்பவருக்குச் சென்னையும் சிறிய ஊர்தான்.

வரலாற்று வாசகி

மாமியாருக்குச் சொல்ல: டி.கே. பத்மினி என்ற பெண் 1960களில் கேரளத்தின் பொன்னானிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து பணிக்கரின் கல்லூரியில் பயின்றார். 1969இல் மகப்பேற்றின்போது இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் அவர் தீட்டிய ஓவியங்களை இன்றும் கேரளம் போற்றிக் காக்கிறது. சோழமண்டலத்தில் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் ஆகிய பெண்கள் தொடக்கத் தலைமுறையிலேயே ஓவியராகவும் சிற்பியாகவும் பணியாற்றினார்கள். அன்று பெண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். இன்று வகுப்புகளில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. படிப்பு முடிந்தபின் வேலை செய்ய ஓர் இடமும் நேரமும் குடும்பத்தில் அவளுக்குக் கிடைக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா.

நேர்வழி

நானும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வணிகவியல் தெரிந்த பிள்ளை என்பதை இந்த விவாதத்தின் தொடக்கத்தில் நான் எண்ணிப்பார்க்கவில்லை. ஒப்பந்தமும் கணக்கும் அவளுக்குப் புரியும். என் தம்பிக்கு அது இல்லாமல் போயிற்று. அவன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவள் விரும்பினால், காட்சிக்கூடங்களோடு பேசும் முறை பற்றி அவனிடம் கேட்டு இங்கே எழுதுகிறேன்.

பணிமனை

நல்லது. இனி, கல்லூரிச் சேர்க்கைக்கான வரைதிறன் தேர்வு. விலையுயர்ந்த வண்ணமும் தூரிகையும் இப்போது வாங்கவேண்டாம். கார்ட்ரிட்ஜ் தாள், பலகை, கிளிப்பு, 2பி முதல் 6பி வரை பென்சில், கொஞ்சம் கரி, ஒரு போஸ்டர் வண்ணப் பெட்டி ஆகியவை போதும். வீட்டுப் பொருள்களைச் சன்னலோரம் வைத்துக் காலையிலும் மாலையிலும் வரையட்டும். நிழல் மாறுவதைக் கவனிக்கட்டும். சந்தை, பேருந்து நிலையம், நாற்று நடும் வயல் என்று ஆட்கள் அசையும் இடங்களில் விரைந்த கோட்டில் வரையட்டும். திருத்துவதற்கு ரப்பரை எடுத்துப்போகவேண்டாம். பார்த்து வந்த காட்சியை வீட்டில் நினைவிலிருந்து ஒருமுறை வரைந்து, மறுநாள் அதே இடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். படைப்புக் கோப்பு கேட்டால், ஒளிப்படம் பார்த்துத் தீட்டிய முகங்களில் ஒன்றிரண்டு போதும்; மீதி நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும், அவற்றில் கோணல் இருந்தாலும் கவலையில்லை.

சேர்க்கை அறிவிப்பு, விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றை இந்த இழையிலோ வேறெங்கோ யாரும் சொல்வதைக் கேட்டு நம்பவேண்டாம். கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல் படத்தை முடிந்தால் இங்கே இடச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.